இடில் பெயரில் நுழைந்தது யார்?

டுலூத் நகரத்து மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் பதினாறு வருடமாக சர்வரைக் கட்டி மேய்ப்பவள் வெர்னா ஹகாலா. கூட இருந்த நால்வரையும் நிர்வாகம் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மதியச் சாப்பாடும் தனியாகத்தான். மேலே தற்காலிக எழுத்தராக இருக்கும் சோமாலியப் பெண் இடில் மட்டும் அறிக்கை வாங்க இறங்கி வருவாள், "உயிரோட இருக்கீங்களா வெர்னா?" என்று சீண்டுவாள்.

அந்தத் திங்கட்கிழமை மேலாளர் கர்ட் வந்தான்.

"இடில் ஒரு வாரமா லீவு. ஆனா அவ பேர்ல யாரோ சர்வருக்குள்ள நுழைஞ்சுக்கிட்டே இருக்காங்க. நோயாளிங்க விவரத்தை வித்துட்டாளோ என்னமோ. வெள்ளிக்கிழமையோட கணக்கை முடிச்சிடலாம்."

"ஆதாரம்?"

"அதான் அவ பேரு இருக்கே!"

"உன் பேரு இருந்திருந்தா?"

"என்னங்க வெர்னா, நான் போய்..." கர்ட் சிரித்தான். சந்தேகம்கூட சம்பளம் குறைந்தவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறது.

வெர்னா சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு மணிக்கும் சரியாக ஆறாவது நிமிடத்தில் ஒரு நுழைவு. மனுஷி இப்படி நுழைய மாட்டாள்; இது இயந்திரத்தின் வேலை. எல்லாம் ஒரே கணினியிலிருந்து. கம்பியைத் தொடர்ந்து போனால், மூடிக் கிடந்த எக்ஸ்ரே அறை. மேசைக்கடியில் தூசி மூடிய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில், "அணைக்காதே." வெர்னாவின் கையெழுத்தேதான்.

போன வசந்தத்தில் இடிலுக்கு ஓர் அறிக்கை திறக்கவில்லை. அவளுக்கு என்ன தெரிகிறதென்று பார்க்க, அவளைக் கேட்காமலே அவள் பெயரையும் கடவுச்சொல்லையுமே போட்டுத் தானாக ஓடும் வேலை ஒன்றை வெர்னா அமைத்தாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவள் மறந்தே போனாள். இந்தத் தொழிலில் 'பிறகு' என்ற நாள் வருவதேயில்லை.

மின்கம்பியைப் பிடுங்கினால் நுழைவு நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. இடிலுக்கு மட்டும் வேலை போகும்.

தாளைப் படமெடுத்து கர்ட்டுக்கும் இடிலுக்கும் அனுப்பினாள்: "நுழைந்தது நான்."

வெர்னாவுக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை கிடைத்தது. இடிலுக்கு வேலை நிலைத்தது. யாரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. விடுப்பு முடிந்து அவள் கீழே வந்தாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

"தப்புதான் இடில்."

"அவங்க என்னைத் திருடின்னாங்க. அதுக்கு என் பேரை எடுத்துக் குடுத்தது நீங்க."

அதன்பின் அறிக்கைகளை மின்னஞ்சலில்தான் கேட்டாள். வெர்னா உடனுக்குடன் அனுப்பினாள். "கிடைத்தது" என்று பதில் வரும். அவ்வளவுதான்.