லிஸ்டுக்கு முன்னால் வைத்த ஃப்ளெக்ஸ்

அச்சன்புதூர் பஸ் ஸ்டாப்பில் பதினைந்தடி அகலத்துக்கு அந்த ஃப்ளெக்ஸை வைத்தது முத்துச்செல்வியின் தாய்மாமா இசக்கிதுரை. அக்கா மகள் போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸ், ஓட்டத்திலும் பாஸ். இறுதிப் பட்டியல் வர இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் என்ன அவசரம்? தெருவில் வீட்டுக்கு ஒரு போலீஸோ பட்டாளத்துக்காரரோ இருக்க, தன் அக்கா வீட்டில் மட்டும் இல்லையே என்ற ஆற்றாமைதான். ஸ்டுடியோக்காரர் அவள் தலையை எவளோ ஒருத்தியின் காக்கிச்சட்டை உடம்பில் ஒட்டிக் கொடுத்தார். 'காவல்துறையில் காலடி வைக்கும் எங்கள் வீட்டு வீரமங்கையே, வருக!' கீழே கைகூப்பியபடி மாமாவின் படம்.

பட்டியல் வந்தது. அவள் பெயர் வரவில்லை.

தோற்றதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அந்தப் படம் இருக்கிறதே, அதுதான் உயிரை எடுத்தது. மாமா அதை அவிழ்த்துச் சுருட்டி அவள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் போட்டார். அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. ஊர் சும்மா விடுமா? "ஏலே, இன்ஸ்பெக்டரம்மா வாராக, ஹெல்மெட்டப் போடுங்கலே!" அந்த ஸ்டாப்புக்குப் பயந்து, வயல் வரப்பு வழியே ஒன்றரை கிலோமீட்டர் நடந்து அடுத்த ஸ்டாப்பில் பஸ் ஏறினாள். முழுசாக ஒரு வருஷம்!

மறு வருஷம் ஆனியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் ஐந்தருவிச் சாலையில் பழக்கடை போட்டாள். மங்குஸ்தான், ரம்புட்டான். நாலு கம்பு நட்டாயிற்று, மேலே போடத் தார்ப்பாய் இல்லை. கொட்டகையில் கிடந்த ஃப்ளெக்ஸ் நினைவுக்கு வந்தது. நல்ல கனமான சரக்கு, சொட்டுத் தண்ணீர் இறங்காது. பாதியைக் கூரையாகவும் மீதியைச் சாரலுக்கு மறைப்பாகவும் கட்டினாள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம்.

மூன்றாம் நாள் காற்று முடிச்சை அவிழ்த்து மறைப்பைப் புரட்டிப் போட்டது. காக்கிச்சட்டை சாலையைப் பார்த்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிறைய ஆள். ஈரத் தலையோடு இறங்கிய ஓர் அம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நீயா? போலீஸா நீ?"

ஆமாம் என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட முத்துச்செல்வி நினைத்தாள். சே, இன்னும் எத்தனை நாள் வரப்பில் நடப்பது?

"நாந்தாம்மா. லிஸ்ட்ல பேரு வரல. அதுக்கு முன்னாடியே எங்க மாமா ஃப்ளெக்ஸ் வச்சிட்டாக. பழம் நல்லாருக்கு, தின்னு பாருங்க."

அந்த அம்மா சிரித்தார். வேனே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து ஆளுக்கு ஒரு பை பழம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவ்வளவுதான்! இதற்கா ஒரு வருஷம் செருப்பைத் தேய்த்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது. படம் வெளியே தெரியும்படி மறைப்பை இழுத்துக் கட்டி, நாலு முடிச்சு கூடவே போட்டாள்.

அன்று மாலை அச்சன்புதூர் ஸ்டாப்பிலேயே இறங்கினாள். "இன்ஸ்பெக்டரம்மோவ்!" என்று ஒரு குரல் வந்தது. "என்னலே, லைசென்ஸ் வச்சிருக்கியா?" என்றாள். பைக்கில் இருந்தவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

சேதி எட்டி, மறுநாள் மாமா புதுத் தார்ப்பாயோடு கடைக்கு வந்தார். ஒரு வருஷத்தில் ஆளே இளைத்திருந்தார்.

"ஏட்டி, அதக் கழத்து. என் மூஞ்சியும்லா அதுல இருக்கு. ஊர்க்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?"

"நெனைக்கட்டும் மாமா. ஆசையிலதான வச்சீக? அதுல என்ன வெக்கம்? இங்கன இரிங்க."

ஒரு மங்குஸ்தானை நசுக்கிப் பிளந்து கையில் கொடுத்தாள். மாமா தார்ப்பாயை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அப்போது ஒரு கார் நின்றது. இறங்கியவர் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இத யாரு வச்சது?" என்று கேட்டார்.

முத்துச்செல்வி மாமாவையே பார்த்தாள்.

இசக்கிதுரை தார்ப்பாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நாந்தான் வச்சேன்" என்றார். "லிஸ்ட் வாரதுக்குப் பத்து நாளு முன்னாடியே வச்சிட்டேன். எங்க அக்கா மவ."