பென்டிரைவுக்குப் புற்றுமண்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அத்தை ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, திரும்பிப் போகவே இல்லை. மாமா ஏன் கூட்டிப்போக வரவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. "என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டாவ" என்று அவள் அம்மாவிடம் அழுததை மட்டும் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் மண் என்றால் மருந்து. கோவில் புற்றுமண்ணைக் குழைத்துத்தான் என் சிரங்குக்கு அம்மா பூசுவாள். மாமா நல்லதுதானே செய்திருக்கிறார்?

அத்தை கொண்டுவந்த பென்டிரைவில் அவளுடைய கல்யாணப் படங்கள் இருந்தன. பார்த்துப் பார்த்து அழுகிறாள் என்று அப்பா அதை ஒளித்துவைத்திருந்தார். நான் தேடியெடுத்து டிவியில் செருகினேன். படம் வந்த குஷியில் ஆடிய ஆட்டத்தில் என் முழங்கை இடித்து, பென்டிரைவ் முறிந்து தொங்கியது. அடி விழுவதற்குள் வைத்தியம் பார்த்துவிடலாம் என்று, புற்றுமண்ணைக் குழைத்து முறிந்த இடத்தில் நன்றாக அப்பி வெயிலில் வைத்தேன்.

அதைக் கண்டதும் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே கூடாது என்று ஒளித்தவர் இப்போது ஏன் இப்படித் தவிக்கிறார் என்று எனக்குக் குழப்பம். கல்யாண ஆல்பம் மாமா வீட்டில் இருந்ததும், கல்யாணமே நடக்கவில்லை என்று மாமா வழக்கில் எழுதிக்கொடுத்திருந்ததும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா, அத்தை, நான் மூவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை அண்ணாச்சியிடம் போனோம். இதில் மண்ணைப் போட்டது யார் என்று அவர் கேட்டார். நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன். பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட்டு, பென்டிரைவின் முனையில் முறிந்திருந்த நாலு கம்பிக் காலுக்கும் மெல்லிய வயர் வைத்துப் பற்றவைத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். ஒன்றும் வரவில்லை. அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது. ஒரு வயரை மறுபடி பற்றவைத்த பிறகு படங்கள் வரிசையாக வந்தன.

மாமா தாலி கட்டுகிற படத்தில் அத்தை விரலை வைத்தாள். "இது ஒண்ணு போதும் அண்ணாச்சி. மிச்சம் வேண்டாம்."

"புத்துமண்ணு கேட்டுருச்சுல்லா அத்த? இனி மாமா வருவாவளா?" என்றேன்.

"வருவாவ மக்கா. கோர்ட்டுக்கு வரத்தான செய்யணும்."

கோர்ட் என்பது எந்த ஊர் என்று தெரியவில்லை. அங்கே புற்றுமண் கிடைக்காதே என்று, வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்காக ஒரு பொட்டலம் மடித்து அத்தையின் பையில் வைத்தேன்.