மரியாவின் கசெற்றில் சாமத்தியவீடு

அன்று வகுப்பில் நாலு பேர் இருந்தோம்: ஆசிரியை, இத்தாலிக்காரி மரியா, ரவி, நான். சுவிஸ் நகரமான துன்னில் எங்கள் நெசவாலை மூடப்பட்டபின், வேலையிழந்த எங்களுக்கு ஒரு சிறு தொண்டு நிறுவனம் வீடியோ எடுக்கப் படிப்பித்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வாய் திறந்தால் ஜெர்மன் பிழையாகிவிடுமோ என்ற பயத்தில் மூன்று மாதமாக வகுப்பில் பேசவே இல்லை.

ஆலையின் கடைசி நாளைத் தான் படமெடுத்த கசெற்றை மரியா வகுப்புக் கமெராவில் போட்டு வைத்திருந்தார். அந்தக் கசெற்றைப் போட்டால், திரையில் தறிகள் இல்லை. சேலை கட்டிய ஒரு பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிறார்கள்.

“அண்ணை, உது உங்கட மருமகளின்ர சாமத்தியவீடெல்லோ!” என்று ரவி சிரித்தான்.

கேட்டால் மறுப்பார்களோ என்று பயந்து, சனிக்கிழமை அந்தப் பூப்புநீராட்டு விழாவுக்கு வகுப்புக் கமெராவைச் சொல்லாமல் கொண்டுபோயிருந்தேன். உள்ளே இருந்தது வெறுங் கசெற் என்று நினைத்து அதன்மேலேயே எடுத்துவிட்டேன். தறிகளையோ விற்றுவிட்டார்கள். இனி எடுக்க ஒன்றுமில்லை.

“நான்தான்” என்றேன்.

மரியா ஒரு புதுக் கசெற்றைப் போட்டார். பிறகு கமெராவை என் பக்கம் திருப்பினார். “ஆறு வருஷம் எனக்குப் பக்கத்துத் தறியில நிண்டனீர்தானே. அண்டைக்கு நடந்ததை நீரே சொல்லும்.”

உடைந்த ஜெர்மனில் சொன்னேன். அறுந்த நூலை முடிச்சிடும் விதத்தை விரல்கள் தாமாகவே காட்டின. தறிகளின் இரைச்சல் நின்ற பிறகுதான் மரியாவின் குரலை முதன்முதலாகச் சரியாகக் கேட்டேன் என்றபோது அவர் அழுதுவிட்டார்.

இன்றும் பேசப் பயந்தால் அந்தக் கமெராவை நினைத்துக்கொள்வேன். அன்று மரியாவிடம் அழிந்த கசெற்றின் காசை நீட்டியபோது, “வேலை கிடைச்சாப் பிறகு தாரும்” என்றார். எனக்கு வேலை கிடைக்குமுன் அவர் இத்தாலிக்குப் போய்விட்டார். பதினைந்து பிராங்க் இன்னும் கடன்.