தங்கையின் தாலாட்டும் டேப் ரிகார்டரின் பச்சைக் கோடுகளும்

அறுபதுகளின் நடுவில், செஞ்சி கடைவீதியில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மாதா கோயில் தேரோ, மேல்மலையனூர் அமாவாசையோ, என் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். பக்கத்து ஊருக்கும் கேட்டால்தான் விழா நடத்துபவர்களுக்குத் திருப்தி. அதனால் வால்யூம் குமிழை முழுக்கத் திருகுவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. தொழிலில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

சென்னையில் பழைய ஸ்பூல் டேப் ரிகார்டர் ஒன்று வாங்கி வந்திருந்த சமயம், என் தங்கைக்குக் கழுத்தில் கட்டி. வேலூரில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் போனாலும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். கோயிலில் பாட்டை எடுத்துக்கொடுப்பதே அவள்தான். கைக்குழந்தை வேறு. மகள் கேட்பதற்காகத் தன் தாலாட்டைப் பதிந்து வைக்கச் சொல்லி, பஸ்ஸுக்குப் புறப்படும் நாள் காலையில் குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள்.

மைக்கை அவள் வாயருகே பிடித்து, வழக்கம்போல் குமிழை முழுக்கத் திருகினேன். ரிகார்டரின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. சத்தம் ஏற ஏற அதில் இரண்டு பச்சைக் கோடுகள் நெருங்கி வரும். அவள் பாடப் பாட அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. பிரமாதமாகப் பதிகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

போட்டுக் கேட்டால் கரகரவென்று கிழிந்த குரல். தங்கையின் முகம் செத்துப்போயிற்று.

"என் குரலு இப்பவே போயிடுச்சுண்ணா. கொழந்த இத்த கேக்க வேணாம், அழிச்சிடு."

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சற்றுமுன் எதிரில் உட்கார்ந்து நான் கேட்ட குரல் தெளிவாகத்தானே இருந்தது? கோளாறு, குமிழை அளவுக்கு மீறித் திருகிய என் கையில்தான். வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். அவளை உட்காரவைத்து, குமிழைத் தொடாமல், அதே மைக்கில் நானே உரக்கப் பேசிப் போட்டுக் காட்டினேன். என் குரலிலும் அதே கரகரப்பு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நீயும் கெளம்பு. ஒனக்கும் ஆபரேஷன் இருக்குது."

சிரிப்பு வந்ததும் வேலை சுலபமாகிவிட்டது. மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தேன். தாலாட்டில் குரல் உச்சிக்குப் போகும் இடத்தை முதலில் பாடச் சொல்லி, பச்சைக் கோடுகள் நெருங்கினாலும் முட்டாத அளவுக்குக் குமிழைக் குறைத்தேன். அப்புறம் அதைத் தொடவே இல்லை. அவள் குரல் மூச்சோடு அப்படியே பதிந்தது. பாடி முடித்து, மடியிலிருந்த மகளிடம் "சாப்டியா கண்ணு?" என்று கேட்டாள். அதுவும் பதிந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் அவள் பேசுவது புரியும். குழந்தை அந்த டேப்பைக் கேட்டே தூங்கி வளர்ந்தாள். பேச்சு வந்த வயதில் தன் மரப்பாச்சியை மடியில் போட்டு அதே தாலாட்டைப் பாடினாள், "சாப்டியா கண்ணு?" வரைக்கும். பக்கத்தில் என் தங்கை சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நான் அழுதுவிட்டேன்.

ஊரே கேட்கும்படி எத்தனையோ விழாக்களுக்குக் குழாய் கட்டியிருக்கிறேன். ஒரே ஒரு குழந்தை கேட்பதற்காகக் குமிழைக் குறைத்தேனே, என் தொழிலில் இன்றைக்கும் நான் நிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் வேலை அதுதான்.