லைசென்ஸ் இல்லாதவன் செய்த வண்டி

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வண்டி முதலில் எனக்குத்தான் சும்மா கொடுக்கப்பட்டது. நான் வேண்டாம் என்றேன். சும்மா சொல்லவில்லை, ஒரு ஜோக்கும் அடித்துவிட்டுச் சொன்னேன்.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் ஒரு கல்குவாரியில் டிப்பர் ஓட்டுகிறேன். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், தேய்ந்த டயர்களுக்கு நடுவில், ஓர் அமெரிக்க வண்டி பல வருடங்களாகக் கிடந்தது. முன்பாதி பந்தயக் கார் மாதிரி நீண்ட மூக்கு, இரண்டே கதவு. பின்பாதி திறந்த பிக்கப். கார் பாதியில் மனசு மாறி லாரியாகிவிட்ட மாதிரி இருக்கும். முதலாளியின் அப்பா இளவயதில் ஓட்டியதாம். சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை, இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. ஒருநாள் யார்டைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளி, எதிரே நின்ற பாவத்துக்கு என்னைப் பார்த்து, இதை எடுத்துக்கொள், கலாஸ், விஷயம் முடிந்தது என்றார். எடுத்து என்ன செய்வது, உள்ளே ஆடு கட்டுவதா என்று இந்தியில் கேட்டேன். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் வரை அந்த ஜோக்கை நானே பல பேரிடம் சொல்லித் திரிந்தேன்.

சிரிக்காத ஒரே ஆள் எங்கள் மெக்கானிக். அவன் முதலாளி பின்னாலேயே போய், அப்படியானால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான்.

அவனும் நானும் ஒரே ரூம். நான் மேல் கட்டில், அவன் கீழ்க் கட்டில். ராமநாதபுரம் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதனால் நான் அண்ணன். மூன்று வருட வெள்ளிக்கிழமைகளை அவன் அந்தத் தகரத்துக்குக் கொடுத்தான். நாங்கள் பிரியாணி தின்றுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் அவன் துருவைச் சுரண்டிக்கொண்டிருப்பான். விபத்தில் நசுங்கிய ஒரு பெரிய ஜீப்பின் இன்ஜினை ஷார்ஜா பழைய சாமான் கடையிலிருந்து கொண்டுவந்து பொருத்தினான். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வைத்தான். ஏசி வைத்தான். பின்பக்கத் தொட்டிக்குள் தேக்குப் பலகை பதித்தான். கரும்பச்சைப் பெயின்ட் அடித்து, பானெட்டின் மேல் இரண்டு வெள்ளைக் கோடு இழுத்தான்.

முதல் தடவை அவன் அதை ஸ்டார்ட் செய்தபோது என் வயிறு எரிந்தது. வயிறு எரிகிறது என்பது பேச்சுக்குச் சொல்வது என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகவே எரிகிறது. இரண்டு மாத்திரை போட்டும் அடங்கவில்லை. போதாததற்கு அதை வீடியோ எடுத்து மனைவிக்கு வேறு அனுப்பினேன். அவள் மூன்று தடவை பார்த்துவிட்டு போன் செய்து, இதை ஒரே ஆளா செய்தார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உங்களுக்கு இந்த மாதிரி எதுவும் வராதா?" என்றாள். டிப்பர் ஓட்டுவதும் ஒரு கலைதான் என்று விளக்கினேன். அவள் அதற்குள் குக்கர் விசில் என்று போய்விட்டாள்.

என் வயிற்றெரிச்சலுக்கு இருந்த ஒரே மருந்து, அவனுக்கு லைசென்ஸ் இல்லை என்பதுதான். இன்ஜின் இருமினால் எந்த வால்வு என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவான். ஆனால் டெஸ்ட்டில் பக்கத்தில் போலீஸ் உட்கார்ந்தால் அவனுக்கு இடது எது, வலது எது என்று மறந்துபோகும். ஏழு தடவை டெஸ்ட் போய் ஏழு தடவையும் பெயில். கடைசித் தடவை சிக்னல் பச்சை ஆனதும் மரியாதைக்கு நிறுத்தினானாம். அதனால் அவ்வளவு பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டு யார்டுக்குள்ளேயே முப்பது மீட்டர் முன்னால் போவான், முப்பது மீட்டர் பின்னால் வருவான். அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் இரக்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருக்கும்.

பிறகு கம்பெனி எங்கள் ஒர்க்‌ஷாப்பை மூடுவதாகச் சொன்னது. மெக்கானிக்கை சவூதியில் ஜுபைலில் இருக்கும் கிளைக்கு மாற்றினார்கள். ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். யார்டும் அதே ஆறு வாரத்தில் காலியாக வேண்டும், மிச்சம் கிடப்பது எதுவானாலும் ஸ்க்ராப்காரன் நசுக்கி எடுத்துப்போவான். வண்டியின் பேப்பர் இன்னும் முதலாளி பெயரில்தான் இருந்தது. யாரைக் கூட்டி வந்தாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். மெக்கானிக் போனில் விற்பனை விளம்பரம் போட்டான். வாங்க வருபவர்களை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்ட லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டும். எங்கள் தொழிலாளர் கேம்ப் பஸ் ஓட்டும் மலையாளி இருந்தார், வாய் திறக்காத மனிதர், தங்கமான கை. அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்து, "நீங்க ஓட்டுங்கண்ணே" என்றான்.

முதல் வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவன் ஓர் அரபு இளைஞன். வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாஷா அல்லாஹ் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பத்து மாதம் சுமந்து பெற்றவன் போல நான் ஷுக்ரான் என்று நன்றி சொன்னேன். பெற்றவன் கையில் துணியோடு டயர் பக்கத்தில் நின்றான். அவனை வண்டி துடைக்கிற ஆள் என்று நினைத்துவிட்டான் அந்த இளைஞன். நான் திருத்தவில்லை.

உள்ளே இரண்டே இருக்கை. நானும் வாங்க வந்தவனும் மட்டும். மலையைப் பார்த்துப் போகும் ரோட்டில் மிதித்தேன். அந்த வண்டி போவதை எழுத எனக்குத் தெரியவில்லை. டிப்பரில் நான் ரோட்டைத் தள்ளிக்கொண்டு போகிறேன். இதில் ரோடு தானாக வந்து காலடியில் விழுந்தது. அந்த நிமிடம் ஒன்று புரிந்தது. இவன் வாங்கிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குக் கை குலுக்கல் கிடையாது, கூலிங் கிளாஸ் கிடையாது. ஒர்க்‌ஷாப் மெக்கானிக் செய்த வண்டியை அரபி வாங்கினான் என்று கேம்ப் முழுக்க அவன் புகழ்தான். என் வாய் தானாகத் திறந்து, கியர்பாக்ஸில் கொஞ்சம் முஷ்கில், கோளாறு இருக்கிறது என்றது. மறுபடி கை குலுக்காமலே அந்த இளைஞன் போய்விட்டான்.

அடுத்த வாரம் வந்த பாகிஸ்தானி வியாபாரியிடம், வளைவில் பின்பக்கம் இழுக்கும் என்றேன். அதற்கடுத்து வந்தவரிடம், ஏசி வெயில் காலத்தில் மட்டும் வேலை செய்யாது என்றேன். ஐந்து வெள்ளிக்கிழமை, ஐந்து பேர், ஐந்து விதமான நோய். ஒரு டாக்டர் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். ஒவ்வொருத்தரும் போனபின் மெக்கானிக் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். வண்டியை மறுபடி கழுவுவான், பானெட்டைத் திறந்து எதையாவது முடுக்குவான். அன்றைக்கு மெஸ்ஸில் ஒரு சப்பாத்தி அதிகமாகவே சாப்பிடுவான். கவலை வந்தால் சிலருக்குப் பசி எடுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வெள்ளி கடைசி வெள்ளி. திங்கட்கிழமை ஸ்க்ராப்காரன் வருகிறான், புதன்கிழமை மெக்கானிக்குக்கு ஜுபைல் பயணம். இன்றைக்கு விற்காவிட்டால் இந்தப் பச்சை வண்டி தகர மூட்டையாகிவிடும், அதற்குக் காரணம் என் நாக்காகத்தான் இருக்கும். இன்று உண்மையைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்று பல் தேய்க்கும்போதே முடிவு செய்தேன்.

வந்தவர் வயதான அரபு மனிதர். நன்றாக இந்தி பேசினார். என் கையைக் குலுக்கவில்லை. நேராக ஏறி உட்கார்ந்தார். ரவுண்டானா தாண்டும்வரை நான் யோக்கியன். நேர் ரோடு வந்ததும் வண்டி அந்தச் சத்தத்தைப் போட்டது, வயிறு பழையபடி பற்றிக்கொண்டது. கொஞ்ச தூரம் போனால் சூடாகிவிடும் என்றேன். பெரியவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் நடுவில் அசையாமல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தார். திருப்பு என்றார்.

யார்டுக்குள் வந்ததும் இறங்கி, இதைச் செய்தது யார் என்று கேட்டார். ஆறு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லோரும் என் கூலிங் கிளாஸைப் பார்த்து முடிவு செய்துவிட்டவர்கள். வேறு வழியில்லாமல் துணியோடு நின்றவனைக் கை காட்டினேன். அவர் என்னிடமிருந்து சாவியை வாங்கி, தானே ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டி அவனைக் கூப்பிட்டார். அவன் கைத்துணியை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

முக்கால் மணி நேரம். நான் துணியோடு நின்றேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் பக்கத்தில் நின்ற டிப்பரின் கண்ணாடியைத் துடைத்தேன். தான் செய்த வண்டியில் அவன் முதன்முதலாக ரோட்டில் போகிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு வாரமாக நான் அந்த ரோட்டில் என்னவெல்லாம் அனுபவித்தேன் என்பதும். திரும்பி வந்தபோது அவன் ஜன்னலுக்கு வெளியே முழங்கையை வைத்திருந்தான். அந்த முழங்கையைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமை வந்தது.

மறுநாள் முதலாளி கையெழுத்துப் போட்டார். பெரியவர் வண்டியை எடுத்துப்போனார். சத்தம் மலைப்பக்கம் போய் மறையும்வரை அவன் கேட்டிலேயே நின்றான்.

அன்று சாயங்காலம் ரூமில் அவன் ஜுபைலுக்குச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். மேல் கட்டிலிலிருந்து இறங்கி, அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கியர்பாக்ஸ், வளைவு, ஏசி, ஒவ்வொருத்தரிடமும் சொன்ன ஒவ்வொரு பொய்யையும். பொறாமையில் செய்தேன், உன் வண்டியை நசுக்கக் கொடுக்க இருந்தேன் என்றேன். அடிக்கிறதானால் அடித்துவிடு என்றும் சொன்னேன்.

அவன் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணே, விக்க மனசு வரல, அதுக்குத்தான் உங்கள ஓட்டச் சொன்னேன்."