மீனுக்கு வைத்திருந்த கொயினா

அன்று வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா, எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா. அம்மா. அம்மாவுக்கு அக்காவான பெரியம்மா. அவர்கள் இருவருக்கும் ஒரே தம்பியான மாமா. இரண்டு கம்பளிக்கு அடியில் நான். கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன்கள். அவற்றை விட்டுவிட்டுக் கணக்குச் சொன்னால் மாமாவுக்கு மனசு கேட்காது.

ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று பட்டணமே காலியான வருஷம் அது. மாமா அங்கே ஒரு வக்கீல் வீட்டில் எடுபிடியாக இருந்தார். குடும்பத்தோடு தெற்கே கிளம்பிய வக்கீல், வெள்ளிச் சாமான்களை பாங்கியிலும் மீன்களை மாமாவிடமும் ஒப்படைத்தார். திரும்பி வரும்போது மீன்கள் உயிரோடு இருந்தால் கோர்ட்டில் வேலை வாங்கித் தருவதாக வாக்கு. மாமா தகர டின்னை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திருத்தணி வந்து சேர்ந்தார். ஆரஞ்சு உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள். செதில் கண்ணுக்கே தெரியாது. சிங்கப்பூர்க் கப்பலில் வந்தவையாம். சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துவிட்டதால் செத்தால் வேறு வாங்க முடியாது.

நைனா குனிந்து பார்த்தார். “அயிரை கணக்கா கீது. கொழம்பு வச்சா ஒரு வாய்க்குக் காணாது. இத்த நம்பியா கோர்ட்டு உத்தியோகம்?”

“சிரிக்காதீங்க பாவா. உத்தியோகம் வந்தா நீங்கதான் மொத ஆளா வந்து நிப்பீங்க” என்றார் மாமா.

மழை பிடித்து மலைக்காற்று குளிர்ந்ததும், மீன்களின் மேல் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் கண்டன. அவை கூழாங்கல்லில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பின. பெரியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. “ஆத்தா எறங்கிகீறா” என்று தொட்டியின் மேல் வேப்பிலை செருகி, அடுப்பில் தாளிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். எங்களுக்கு ஒரு வாரம் தாளிக்காத குழம்பு.

மாமா வேறு சொன்னார். அது கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மீனின் தோலுக்குள் புகுந்து தின்கிறது. மனுஷருக்குக் குளிர்ஜுரத்துக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரையையே வக்கீல் அதற்கென்று ஒரு சீசாவில் கொடுத்திருக்கிறார். தூளாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைக்க வேண்டும். மற்ற மீனுக்கு உப்பு போடலாம், இந்த ஜாதி தாங்காது. மறுநாள் காலையில் ஆரம்பிப்பதாக இருந்தார்.

அந்த மறுநாள் காலையில் எனக்குக் குளிர்ஜுரம் கண்டது. கட்டிலே ஆடியது என்று அம்மா பிற்பாடு சொல்வாள். நைனா தர்மாஸ்பத்திரிக்குப் போனார். கனகம்மாசத்திரத்துக் கடைகளில் கேட்டார். ஆர்.கே.பேட்டை வரைக்கும் நடந்து போய் நனைந்து வந்தார். கொயினா எங்கேயும் இல்லை. இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதாம். அவர் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றபோது எனக்கு இன்னொரு தடவை தூக்கிப் போட்டது.

நான் சொன்ன ‘அன்று’ அதுதான்.

யாரும் மாமாவிடம் கேட்கவில்லை. அம்மா தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள், அவ்வளவுதான்.

“நாலுதான் கீது அக்கா” என்றார் மாமா.

“ஆங்.”

“இத்தப் போடலன்னா ரெண்டு நாளு தாங்காது.”

“தெரியும்டா” என்றாள் அம்மா. அப்புறமும் நகரவில்லை.

மாமா கரண்டியில் மாத்திரையை நசுக்கும் சத்தம் கேட்டது. என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார். அந்தக் கசப்பு இன்றும் நாக்கின் அடியில் இருக்கிறது. நான் அவர் விரலைக் கடித்துவிட்டேன். மாமா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “முழுங்கிட்டியா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். நான்கு மாத்திரையும் எனக்கே தீர்ந்தன.

எங்கள் ஊர் முருகன் மலைமேல் ஏறுகிறவர்கள், உடம்பில் மருவோ கொப்புளமோ இருந்தால், வழியில் சரவணப் பொய்கையில் உப்பும் வெல்லமும் கரைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். பெரியம்மா மீன்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் மழை விடவில்லை, முழங்கால் வலி வேறு. “இதுவும் அவன் மலைத் தண்ணிதானே” என்று அன்று ராத்திரி ஒரு பிடி உப்பையும் ஒரு கட்டி வெல்லத்தையும் தொட்டியிலேயே போட்டுக் கும்பிட்டாள். மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

விடிந்தபோது இரண்டும் பக்கவாட்டில் மிதந்தன. எனக்கு வேர்த்து ஜுரம் இறங்கியிருந்தது.

“மீனை எடுத்துக்கினு கொழந்தையக் குடுத்துட்டான் முருகன்” என்றாள் பெரியம்மா. நைனா சிரிக்கவில்லை.

மாமா தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அரக்கோணத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சில நாளில் கிளம்பினார். அஸ்ஸாம் பக்கத்திலிருந்து கடிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. என்னை நாலாம் வகுப்புக்கு மேல் அம்மா பள்ளிக்கு விடவில்லை; வெளியே போனால் குளிர் கண்டுவிடும் என்று பயம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போதும் வீட்டில் யாராவது இரண்டு தும்மல் போட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மாமா கிளம்பிய காலையில் என் கன்னத்தைத் தொட வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீனுக்கு என்று வைத்திருந்த கசப்பையெல்லாம் என் வாயில் ஊற்றிவிட்டு, மீனுக்கு மட்டும் வெல்லம் போட விட்டாரே என்று எனக்கு ஆத்திரம். அவருக்கு என்னைவிட அந்த மீன்களின் மேல்தான் பிரியம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.