மார்லிஸ் கையசைப்பதில்லை

மேலாற்றுப் பக்கம் புதிதாகப் பறக்க வரும் விமானிகள் எல்லோரும் ஒரே புகாரோடுதான் திரும்புவார்கள். "அந்த ஏரிக்கரைக் கிழவிக்கு என்னய்யா அவ்வளவு திமிரு? தாழப் பறக்கிறேன், இறக்கையை ஆட்டுறேன், ஒரு கையைத் தூக்கக் கூடாதா?"

காட்டில் தனியாக இருப்பவர்கள் விமானத்தைக் கண்டால் கையசைப்பது எங்கள் அலாஸ்காப் பக்கத்து மரியாதை. கரடியைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருப்பவன்கூட ரத்தக் கையை ஒரு தரம் ஆட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடர்வான். மார்லிஸ் மட்டும் கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். திமிராம்! சொல்கிறவன் வாயில் மண் விழ. நடந்தது தெரிந்தால் அந்த வார்த்தை வருமா?

அவள் காதல் கதையின் முதல் பாதி ஃபேர்பேங்க்ஸ் ஊருக்கே தெரியும். மார்லிஸ் அங்கே ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் ரோஜாப்பூ வரைகிற பெண். ஓரின், மேலாற்றில் பொறி வைத்து நரியும் மார்ட்டன் என்கிற மரநாயும் பிடித்துத் தோல் விற்கிறவன். இனிப்பைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற ஆள். அவன் ஒரு கோடை முழுக்கத் தினம் ஒரு கேக் வாங்கினான். எல்லாவற்றையும் அவன் நாய்கள் தின்றன. நாய்கள் கொழுத்து வண்டி இழுக்க மாட்டாமல் மூச்சு வாங்கிய பிறகுதான் அந்த மனுஷனுக்கு வாய் திறந்தது. கல்யாணம் முடிந்து இருவரும் படகேறி ஆற்றின் மேல் போனபோது பேக்கரிக்காரிகள் கரையில் நின்று மூக்கைச் சிந்தினார்கள். கதை சுபமாக முடிந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மார்லிஸால் அப்படிப் போக முடியவில்லை. அவளுக்குக் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரே அறை மரவீடு. தண்ணீர் வேண்டுமென்றால் ஏரியின் பனிக்கட்டியைக் கடப்பாரையால் உடைக்க வேண்டும், காலையில் உடைத்தது மாலைக்குள் மூடிக்கொள்ளும். ரொட்டிக்கான புளித்த மாவு உறைந்துவிடாமல் இருக்க அதைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். "புருஷன் ஒரு பக்கம், மாவுப் பானை இன்னொரு பக்கம். நடுவுல நான்" என்பாள். வெளியே இருக்கிற கழிப்பறையின் இருக்கையை அடுப்புக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். போகும்போது கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், திரும்பும்போது கொண்டுவந்து மாட்ட வேண்டும். முதல் தடவை ஓரின் அதை அவள் கையில் கொடுத்தபோது, கேலி செய்கிறான் என்று நினைத்தாள். வெளியே போய் வந்த பிறகு கேலி இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

அந்தக் காலத்தில் மேலாற்றில் தொலைபேசி கிடையாது. பேட்டரி ரேடியோ உண்டு, ஆனால் அதில் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. சாயங்காலம் ஃபேர்பேங்க்ஸ் வானொலியில் காட்டில் இருப்பவர்களுக்கு வந்த சேதிகளை வாசிப்பார்கள். யார் வீட்டுச் சேதியானாலும் ஆறு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். பதில் சொல்ல ஒரே வழி, சிவப்புத் துணி. தபால் விமானம் ஓட்டுகிற வெர்ன் அந்தப் பக்கம் பறக்கும்போது ஏரிமேல் சிவப்புத் துணி விரித்திருந்தால் இறங்குவான். உடம்பு சரியில்லையா, மாவு தீர்ந்துவிட்டதா, கால் முறிந்துவிட்டதா, எதுவானாலும் துணிதான். துணி இல்லாமல் கையசைத்தால், நல்லா இருக்கோம், நீ போய் வா என்று அர்த்தம்.

வந்த அன்றைக்கே ஓரின் ஒரு கனத்த சிவப்புக் கம்பளித் துணியை அவள் மடியில் வைத்தான்.

"இந்தா, இது உன் துணி. என்னிக்கு உனக்கு முடியலையோ அன்னிக்கு விரிச்சிடு. வெர்ன் வருவான், ஏறிப் போயிடு. ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"கேக்கவே மாட்டியா?"

"கேட்டா அழுதுடுவேன். அதுக்குக் கேக்காமலே இருக்கலாம்."

இந்த வாக்கு எப்படியோ ஆற்றுக்கே தெரிந்துவிட்டது. கேக் பூக்காரி எத்தனை நாள் தாங்குவாள் என்று படகுத்துறையில் பந்தயம் கட்டினார்கள். வெர்ன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கட்டினான்: "மூணு வருஷம் சிவப்புத் துணி விரிக்காம அவ தாக்குப்பிடிச்சுட்டா, என் தலைமை நாயோட குட்டி ஒண்ணு ஓரினுக்கு. எழுதி வச்சுக்கோ!"

அவன் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டான். முதல் குளிர்காலத்தில், சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிற நாட்களில், ஓரின் பொறிகளைப் பார்க்கப் போயிருந்தபோது, மார்லிஸ் துணியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். விரித்தாள். அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். விமானச் சத்தம் கேட்குமுன் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பனியில் மட்டும் சதுரமாக அழுந்திய தடம் இருந்தது. திரும்பி வந்த ஓரின் அந்தத் தடத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ரம்பத்தை எடுத்து, நடுக்கும் குளிரில், சுவரை அறுத்து ஏரியைப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்தான்.

"பைத்தியமா உனக்கு? இந்தக் குளிர்ல சுவரை அறுக்குறே?"

"இருட்டா இருக்குன்னு சொன்னியே."

அன்றைக்குத்தான் அவள் நிஜமாக அங்கே குடிவந்தாள் என்று பிற்பாடு அவளே சொல்வாள். நாய்க்குச் சால்மன் வேகவைக்கும் நாற்றம் பழகியது. முயலுக்குச் சுருக்கு வைக்கக் கீழாற்று மைரா கற்றுக்கொடுத்தாள். மைரா குவிச்சின் பழங்குடிப் பெண், வாய் அதிகம். "நீ சுருக்கு வைக்கிற அழகைப் பார்த்தா முயலே வந்து சொல்லிக்கொடுக்கும்டி" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தாள். வருஷங்கள் போயின. துணி அலமாரியில் மடித்தபடியே இருந்தது.

அங்கேதான் வந்தது வினை. அந்தத் துணி ஆற்றில் எல்லோருக்கும் உயிர்த்துணி. இந்த வீட்டில் மட்டும், பந்தயம் கட்டியவர்களுக்கும் சேர்த்து, அது மார்லிஸ் போகிற துணியாகிவிட்டது. பேச்சிலும் அப்படி, நினைப்பிலும் அப்படி.

நாலாவது இலையுதிர்காலத்தில் மார்லிஸ் அதை வெட்டினாள். ஓரினின் பச்சைக் கான்வாஸ் கோட்டு உள்ளே கிழிந்து கிடந்தது. அவனுக்குத் தெரியாமல் அதற்குச் சிவப்பு உள்துணி தைத்து, முதல் பனி விழுந்த அன்று கொடுத்தாள். அவன் கோட்டை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தான்.

"அடிப்பாவி! போறதுக்கு இருந்த ஒரே வழியையும் வெட்டித் தைச்சிட்டியா?"

"யார் போறாங்களாம்? குளிருது, போட்டுக்கோ."

அந்த இடத்தில் அவன் அவளைத் திட்டியிருக்க வேண்டும். காட்டிலேயே வளர்ந்தவன், வேறொரு சிவப்புத் துணிக்கு அன்றைக்கே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சந்தோஷம் அவன் கண்ணை மறைத்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன அறைக்குள் அவளைத் தூக்கிச் சுற்றியதில் மாவுப் பானை கவிழ்ந்ததுதான் மிச்சம்.

சில வாரம் கழித்து ஓரினுக்கு வயிற்றுவலி வந்தது. ஏரி கெட்டியாக உறைந்திருந்தது, விமானம் இறங்கலாம். ஆனால் கீழே கணவாயில் ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நாய்வண்டியில் எங்கேயும் போக முடியாத பருவம். கெட்ட இறைச்சி என்று நினைத்தார்கள். மறுநாள் காலையில் வலி வலப்பக்கம் இறங்கி, அவன் காலை நீட்ட முடியாமல் சுருண்டு கிடந்தபோது, விமானச் சத்தம் கேட்டது.

மார்லிஸ் போட்டது போட்டபடி ஓடினாள். கதவருகே ஆணியில் அந்தக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது, பச்சை வெளியே, சிவப்பு உள்ளே. அதைத் தாண்டித்தான் ஓடினாள். ஏரி நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசி வீசி, தொண்டை கிழியக் கத்தினாள். வெர்ன் தாழ வந்தான். அவள் முகம்கூட அவனுக்குத் தெரிந்திருக்கும். துணி இருக்கிறதா என்று ஏரியைப் பார்த்தான். இல்லை. சந்தோஷமாக இறக்கையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் ஆட்டிவிட்டு மலையைத் தாண்டிப் போய்விட்டான்.

அவள் கையைத் தூக்கியபடியே நின்றாள். தூக்கிய கைக்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் ரேடியோவில் அவர்கள் பெயர் வந்தது. "மேலாற்று ஓரினுக்கு, வெர்ன் சொல்வது: இன்னிக்கு உன் வீட்டுக்கு மேல பறந்தேன். உன் பொண்டாட்டி ரெண்டு கையையும் ஆட்டி அப்படி ஒரு குஷியா எனக்கு டாட்டா காட்டுனா. துணியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான் தோத்துட்டேன்யா. அடுத்த தடவை குட்டியோட வர்றேன்." அடுத்த சேதி மைராவுடையது, வெர்ன் போகிற வழியில் அவளிடம் வாங்கிப் போனது. "மார்லிஸுக்கு: இப்போ நீ எங்க ஆத்துப் பொண்ணுடி."

ஓரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"சிரிக்க வைக்காதீங்கடா, பாவிங்களா... மார்லி, கேட்டியா? நாய் ஜெயிச்சிட்டோம்."

"நான்தான், ஓரின். நான்தான் அந்தத் துணியை..."

"சும்மா இரு. அந்தக் கோட்டை மாதிரி ஒரு பொருளை யாரும் எனக்குக் குடுத்ததில்லை."

அவள் கத்தரிக்கோலை எடுத்து உள்துணியைப் பிரித்தாள். அவசரத்தில் கோட்டும் சேர்ந்து கிழிந்தது. ஏரியில் விரித்து, நாலு மூலையிலும் விறகுக் கட்டையை வைத்தாள். பிறகு பனி விழ ஆரம்பித்தது. விமானம் ஏற முடியாத பனி. அவள் துடைப்பத்தோடு போய்ப் பெருக்குவாள், வந்து அவன் நெற்றியில் கை வைப்பாள், திரும்பப் போய்ப் பெருக்குவாள். நடுவில் ஒரு நாள் வலி சட்டென்று விட்டது. "பசிக்குது" என்றான். அவள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே முயல் சூப் வைத்தாள், அவன் நாலு கரண்டி குடித்தான். பிழைத்துவிட்டான் என்று நம்பினாள். பாவி மகள், குடல்வால் வெடித்தால் வலி விடும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? அதற்குப் பிறகு வந்த ஜுரம் இறங்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே சிவப்பாகத் தெரிகிறதா என்று இரண்டு தரம் கேட்டான். தெரியுது என்றாள். அவன் வைத்த ஜன்னல். அதைப் பார்த்தபடியே போய்விட்டான்.

பனி விட்டு வானம் வெளுத்த நாளில் வெர்ன் இறங்கினான். துணியைத் தூரத்திலிருந்தே பார்த்திருந்ததால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன தாயி, இப்படிப் பண்ணிட்டே? ஊர் பூரா உன் புகழ் பாடிட்டு, தோத்த குட்டியையும் தூக்கிட்டு வர்றேன், நீ மூட்டையைக் கட்டிட்டியே. அவன்கூட ஏதாச்சும் சண்டையா? ஏன் போறே?"

மார்லிஸ் கையில் துடைப்பம் இருந்தது.

"அவரு கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்காரு, வெர்ன். நீங்களும் கேக்காதீங்க" என்றாள். பிறகு கதவைத் திறந்து விட்டாள்.

உள்ளே போன வெர்ன் வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது குட்டியைக் கீழே விட்டுவிட்டுப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நீ கை ஆட்டினியே... நான் பார்த்தேனே, நீ கை ஆட்டினியே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மார்லிஸ் அவனுக்கும் சேர்த்துக் காப்பி போட்டாள்.

அந்தச் சிவப்புத் துணியில்தான் ஓரினைச் சுற்றி விமானத்தில் ஏற்றினார்கள். வெர்ன் சொன்னதைச் சொல்லாமல் இருக்க முடியாது: அவள் போவதற்கென்று வைத்த துணியில் அவன் போனான்.

மார்லிஸும் குட்டியோடு அதே விமானத்தில் ஏறினாள். இனித் திரும்ப மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்தத் தடவை யாரும் பந்தயம் கட்டவில்லை. பனிக்கட்டி உடைந்து ஆறு திறந்ததும் முதல் படகில் மார்லிஸ் வந்து இறங்கினாள், பின்னாலேயே அந்த நாய். ஏரிக்கரையில் ஒரு கம்பம் நட்டு, புதுச் சிவப்புத் துணி ஒன்றைச் சுருட்டிக் கட்டி வைத்தாள். இன்றைக்கும் இருக்கிறது. நைந்தால் மாற்றுவாள்.

வெர்ன் பறப்பதை விடும்வரை அந்த வீட்டுக்கு மேல் ஒரு தடவையும் சும்மா பறந்து போனதில்லை. துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்குவான், ஒரு வாய் காப்பி குடிப்பான், போவான். அவன் விமானம் மேலேறும்போது மார்லிஸ் கரையில் நிற்பாள். உடம்பில் உள்துணி இல்லாத அந்தப் பச்சைக் கோட்டு, கைகள் இரண்டும் அதன் பைக்குள். வெர்ன் ஒரு நாளும் இறக்கையை ஆட்டியதில்லை.